100 ஏக்கர் செம்பனை நிலம் தாமானாகிறது: மன்றம் ஏற்கும்படி தொழில்நுட்பக் கருத்து எழுதுவது எப்படி?

பாரிட்ஓரம் கேட்டது:

வணக்கம். இடம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஒரு தோட்டப்புறப் பட்டணம். பழைய லயங்களுக்குப் பின்னால் கிடக்கும் 40 ஹெக்டர், ஏறக்குறைய 100 ஏக்கர் செம்பனை நிலம், உள்ளூர்த் திட்ட வரைவில் வீடமைப்புப் பகுதியாக நிறம் மாறியிருக்கிறது. உள்ளூராட்சி மன்றத்தின் அந்த வரைவு இப்போது பொதுப் பார்வையில் இருக்கிறது. அந்த நிலத்து மழைநீர் முழுவதும் தோட்டத்துப் பாரிட் (மண் வாய்க்கால்) வழியாக வந்து, சாலைக்கு அடியில் இருக்கும் ஒரே பெட்டிக் கல்வர்ட்டில் நுழைந்து, கடலோரக் கதவணைக்குப் போகிறது. கல்வர்ட் 1.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். கனமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் இப்போதே லோங்காங் (சாலையோர வடிகால்) வழிந்து கோயில் வீதியில் தண்ணீர் நிற்கிறது.

குடியிருப்பாளர் சங்கத்துக்கு உதவ இரண்டு பொறியாளர்கள் முன்வந்திருக்கிறார்கள். ஒருவர் சிவில், மற்றவர் செம்பனை ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கமான கண்டன மனுவாக இல்லாமல், அரசாங்கத்துக்கு ஒரு பொறியாளர் சொல்லும் ஆலோசனையாக இதை எழுத வேண்டும். எந்தக் கட்டத்தில், யாருக்கு, எந்த வடிவில்? “திட்டமே வேண்டாம்” என்று பொறியாளர் சொல்லலாமா, அல்லது எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டுமா?

---

வரைபடம்:

முதலில் காலத்தைக் கவனியுங்கள். நல்ல அறிக்கை வீணாவது பெரும்பாலும் கணக்குப் பிழையால் அல்ல, தவறான கட்டத்தில் போய்ச் சேர்வதால்.

1976-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புத் திட்டச் சட்டத்தின்படி (சட்டம் 172) உள்ளூர்த் திட்ட வரைவைக் குறைந்தது 4 வாரம் காட்சிக்கு வைத்து ஆட்சேபங்களைப் பெற வேண்டும். உங்களுக்குத் திறந்திருக்கும் முதல் வாசல் அதுதான். எழுத்தில் கொடுக்கும்போதே “நேரில் விளக்க விரும்புகிறோம்” என்ற வரியையும் சேருங்கள். வெறும் கடிதம் கோப்போடு போய்விடும். நேரில் விளக்கும்போதுதான் அதிகாரி எதிர்க்கேள்வி கேட்பார், எது புரியவில்லை என்பதும் அப்போதுதான் வெளிப்படும்.

இந்த வாசலைத் தவறவிடக் கூடாது என்பதற்கு அழுத்தமான காரணம் ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 21(6) பிரிவு, பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து 21 நாளில் ஆட்சேபம் சொல்ல உரிமை தருகிறது. ஆனால் அது உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்குத்தான். இந்த வரைவு அரசிதழில் ஏறியபின், மேம்பாட்டாளர் கெபெனாரான் மெராஞ்சாங் (திட்ட அனுமதி) கேட்டு மனுப் போடும்போது அந்தப் பிரிவைக் காட்டி நீங்கள் உள்ளே வர முடியாது. “வீடு கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது வாசல், மனு மன்றத்தின் ஓ.எஸ்.சி. பிரிவுக்கு (மனுக்களை ஒரே இடத்தில் பெறும் மையம்) வந்து தொழில்நுட்பத் துறைகளுக்குச் சுற்றும் நேரம். வடிகாலைப் பற்றி மன்றம் கேட்பது ஜே.பி.எஸ்.ஸிடம் (வடிகால், நீர்ப்பாசனத் துறை). அவர்கள் எழுதும் கருத்துதான் பெரும்பாலும் அனுமதியின் நிபந்தனையாக மாறுகிறது. ஆகவே இப்போதே மன்றத்துக்கு எழுதும் கடிதத்தின் நகலை ஜே.பி.எஸ். மாவட்டப் பொறியாளருக்கும் அனுப்புங்கள். கடிதம் மலாயில் இருக்கட்டும். கூடவே கவுன்சிலர் ஒருவரையும் பாருங்கள். உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து கவுன்சிலர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஆனால் 1976 ஊராட்சிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, தொழில்துறையில் சிறந்து விளங்கியவர்களையும் நியமிக்கலாம் என்று சொல்கிறது. மன்றத்தில் பொறியியல் தெரிந்த ஒருவர் இருந்தால் உங்கள் கணக்கை அவர் முதலில் படிக்கட்டும்.

---

மட்டக்கோல்:

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். உங்கள் சிவில் பொறியாளர் உண்மையான நில எண்களை வைத்து மறுபடி போடட்டும்.

ஜே.பி.எஸ்.ஸின் மஸ்மா கையேடு (நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேடு; முதல் பதிப்பு 2000, இரண்டாம் பதிப்பு 2012) வைக்கும் அடிப்படை விதி: மேம்பாட்டுக்குப் பிந்திய உச்ச ஓட்டம், முந்திய உச்ச ஓட்டத்தைத் தாண்டக் கூடாது. 80 ஹெக்டருக்கு உட்பட்ட நிலத்துக்கு எளிய சூத்திரம் போதும்.

ஓட்டம் (வினாடிக்குக் கன மீட்டர்) = ஓடுகுணகம் × மழைச்செறிவு (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டர்) ÷ 360

செம்பனை நிலத்துக்கு ஓடுகுணகம் (பெய்த மழையில் ஓடிவரும் பங்கு) 0.35 என்றும், நிலத்தின் கடைக்கோடித் தண்ணீர் கல்வர்ட்டுக்கு வந்துசேர 45 நிமிடம் என்றும், அந்த நேரத்துக்கான மழைச்செறிவு 100 மி.மீ. என்றும் வைப்போம். 0.35 × 100 × 40 ÷ 360 = 3.9.

தொடர் வீடுகள் வந்தபின் ஓடுகுணகம் 0.8. சிமெண்டு லோங்காங்கில் தண்ணீர் வேகமாக ஓடுவதால் வந்துசேரும் நேரம் 25 நிமிடமாகக் குறைகிறது. குறுகிய நேர மழை செறிவு கூடியது, ஆகவே 140 மி.மீ. எடுக்க வேண்டும். 0.8 × 140 × 40 ÷ 360 = 12.4.

மூன்று மடங்குக்கு மேல். எழுதும்போது இதைப் பிரித்துச் சொல்லுங்கள்: தரை மூடியதால் 2.3 மடங்கு, ஓட்டம் வேகமானதால் 1.4 மடங்கு. இரண்டும் பெருக்கிக்கொள்கின்றன. அனுபவம் இல்லாதவர்கள் போடும் கணக்கில் முன்னும் பின்னும் ஒரே மழைச்செறிவை வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால், வெள்ளத்தைத் தேக்கி மெதுவாக வெளியே விட மேம்பாட்டாளர் தோண்ட வேண்டிய குளம் கணக்கில் சிறிதாகிவிடும். மேம்பாட்டாளரின் வடிகால் அறிக்கை கைக்குக் கிடைத்தால் முதலில் புரட்ட வேண்டிய இடம் அதுதான். மேலே நான் எடுத்த 100, 140 எல்லாம் உதாரண எண்கள். உங்கள் வட்டார மழைமானி நிலையத்துக்கான மாறிலிகள் மஸ்மா இரண்டாம் பதிப்பிலேயே உள்ளன.

இனி கல்வர்ட். உட்பரப்பு 1.5 × 1.2 = 1.8 சதுர மீட்டர். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நிறைந்து ஓடினால் 3.6 கன மீட்டர். மேலே வந்த 3.9-ஐப் பாருங்கள். செம்பனையாக இருக்கும்போதே கல்வர்ட் போதவில்லை! ஆகவே “முந்திய ஓட்டத்தைத் தாண்டக் கூடாது” என்ற நிபந்தனையை மேம்பாட்டாளர் சுத்தமாக நிறைவேற்றினாலும் கோயில் வீதியில் தண்ணீர் நிற்கும். உங்கள் அறிக்கையின் உயிர்நாடி இந்த ஓர் இடம். நீங்கள் கேட்க வேண்டிய எல்லை “முந்திய ஓட்டம்” அல்ல, “கீழ்நிலைக் கல்வர்ட்டின் கொள்ளளவு அல்லது முந்திய ஓட்டம், இரண்டில் எது குறைவோ அது”.

குளத்தின் அளவை முதல் மதிப்பீடாகச் சொல்ல, ஓட்ட வரைபடத்தை முக்கோணமாக எடுங்கள். (12.4 − 3.9) × 1,500 வினாடி, ஏறக்குறைய 12,800 கன மீட்டர். 1.5 மீட்டர் ஆழம் கிடைத்தால் தண்ணீர்ப் பரப்பு மட்டும் 2 ஏக்கருக்கு மேல். சரிவும் பராமரிப்புப் பாதையும் சேர்ந்தால் இன்னும் கூடும். வரைவில் குளத்துக்கென்று எவ்வளவு நிலம் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பூங்கா, விளையாட்டுத் திடல், குளம் மூன்றையும் ஒரே பச்சை நிறத்தில் காட்டியிருந்தால் குளத்தின் பரப்பைத் தனியாகக் கேளுங்கள்.

இதுவும் கதவணை திறந்திருக்கும்போதுதான் சரி. கடல் ஏறிக் கதவு மூடியிருக்கும் நேரத்தில் குளத்திலிருந்து ஒன்றும் வெளியேறாது. அந்த 25 நிமிட மழை 58 மி.மீ.; அதில் ஓடிவரும் தண்ணீர் மட்டும் 18,700 கன மீட்டர். அதாவது குளம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாக வேண்டும். மழை அதற்குப் பிறகும் நீடித்தால் அதற்கும் மேல். கதவு மூடிய நிலையை வைத்து ஒரு கணக்குக் கட்டாயம் வேண்டும் என்று தனி வரியாக எழுதுங்கள். தொடர் வீடுகளுக்கு 10 ஆண்டு மழை (சராசரியாகப் 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் கனமழை), 100 ஆண்டு மழை இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

---

பாரிட்ஓரம்:

மிக்க நன்றி ஐயா, கல்வர்ட் விஷயம் எங்கள் கண்ணில் படவே இல்லை. இன்னொன்று. அதே பாரிட் சேரும் ஆற்றில் மேலே ஒரு செம்பனை ஆலையின் கழிவுநீரும் கலக்கிறது. ஆற்றுத் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்ததில் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 38 மில்லிகிராம். சட்டப்படி 100 வரை போகலாம், எனவே பிரச்சினை இல்லை என்கிறார்கள். இதையும் அதே கடிதத்தில் சேர்க்கலாமா?

---

கொதிகலன்:

தம்பி, சேர்க்காதீர்கள். இது வேறு சட்டம், வேறு துறை. நிலத் திட்டம் பார்க்கும் அதிகாரியிடம் ஆலைக் கழிவைக் கொண்டுபோனால் “இது எங்கள் அதிகார வரம்பில் இல்லை” என்ற ஒரே வரியில் இரண்டையும் மூடிவிட வாய்ப்புண்டு. சுற்றுச்சூழல் துறைக்குத் தனியாக எழுதுங்கள்.

அந்த ஒப்பீடும் தவறு. 100 என்பது ஆலையின் வெளியேற்றக் குழாய் வாயில் அளக்க வேண்டிய வரம்பு. ஆற்றுக்கு அது பொருந்தாது. ஆற்றில் 38 வந்தால் அந்த ஆறு மோசமாகக் கெட்டிருக்கிறது என்று பொருள். ஆற்றின் நிலையைச் சொல்லத் துறையின் நீர்த்தரக் குறியீடு இருக்கிறது. கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி., சி.ஓ.டி. (வேதி முறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவை), அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மம், பி.எச். என்று ஆறு அளவுகள் அதில் சேரும். ஆலைக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், இரண்டிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். மேலே எடுக்காமல் கீழே மட்டும் எடுத்தால், அழுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. பி.ஓ.டி. போத்தலைக் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சாம் (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். எடுத்த நேரம், எடுத்தவர், ஒப்படைத்தவர் மூன்றும் தாளில் இருக்க வேண்டும்.

“பொறியாளர் எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதா” என்ற உங்கள் முதல் கேள்விக்கு இந்த 100 என்ற எண்ணே பதில். அது வந்த வழி தெரிய வேண்டும். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தபோது செம்பனை ஆலைக் கழிவுக்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட சுத்திகரிப்பு முறை கையில் இல்லை. ஆலையிலிருந்து வரும் கச்சாக் கழிவின் பி.ஓ.டி. சுமார் 25,000. மணிக்கு 30 டன் குலை அரைக்கும் ஆலை 16 மணி நேரம் ஓடினால் 480 டன். டன்னுக்கு 0.65 கன மீட்டர் என்றால் நாளுக்கு 312 கன மீட்டர் கழிவு, அதில் 7.8 டன் பி.ஓ.டி. இதை மறுநாளே 100-க்கு இறக்கு என்றால் ஆலைகளை மூடத்தான் வேண்டும். அப்படியே விட்டால் ஆறு செத்துவிடும்.

அரசும் ஆலைத் தரப்பும் சேர்ந்து உட்கார்ந்த நிபுணர் குழுவின் ஆலோசனையோடு 1977-இல் விதிமுறை வந்தது. வரம்பைப் படிக்கட்டாக வைத்தார்கள்: 1978-இல் 5,000, அடுத்தடுத்த ஆண்டுகளில் 2,000, 1,000, 500, 1982-இல் 250, 1984-இல் 100. எல்லாப் படியும் முன்கூட்டியே எழுத்தில் இருந்தது. ஆகவே எந்த ஆண்டுக்குள் எத்தனை சுத்திகரிப்புக் குளம் தோண்ட வேண்டும் என்று ஆலைப் பொறியாளர் திட்டம் போட முடிந்தது. உரிமக் கட்டணத்தையும் கழிவின் பாரத்தோடு இணைத்தார்கள். பி.ஓ.டி. டன்னுக்கு 10 ரிங்கிட், முதல் ஆண்டில் வரம்பைத் தாண்டிய டன்னுக்கு 100 ரிங்கிட்.

அளக்கும் முறையிலும் பொறியியல் புத்தி தெரிகிறது. குளிர்நாட்டு வழக்கம் 20 பாகையில் 5 நாள். இங்கே 30 பாகையில் 3 நாள் என்று வைத்தார்கள். நம் வெப்பத்துக்குப் பொருத்தம், முடிவும் இரண்டு நாள் முன்னாலேயே கிடைக்கும். ஆய்வுக்கூட முடிவைப் படிக்கும்போது எந்த முறை என்று பாருங்கள். 5 நாள் எண்ணையும் 3 நாள் எண்ணையும் ஒன்றோடொன்று வைத்துப் பேசினால் கூட்டத்திலேயே உங்கள் வாதம் உடைந்துபோகும்.

ஆலையின் இந்தக் குளங்கள் கெடுவது எப்படி என்பதையும் எழுதுங்கள், காரணத்தோடு சொன்னால்தான் துறை எதைத் தேடுவது என்று தெரிந்து வரும். காற்றில்லாக் குளத்தில் கழிவு 45 நாள் தங்க வேண்டுமென்றால் மேற்சொன்ன ஆலைக்கு 14,000 கன மீட்டர் வேண்டும். அடியில் சேறு மூன்றில் ஒரு பங்கை அடைத்தால் தங்கும் நாள் 30 ஆகிவிடும். அமிலம் கூடும், பி.எச். 7-ஐ விட்டு இறங்கும், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் தளரும், நாற்றம் கிளம்பும். குலை வரத்துக் கூடும் மாதங்களில் இது சீக்கிரம் நடக்கும். “நாற்றம் வருகிறது” என்று எழுதுவதோடு நிறுத்தாமல், “சேறு கடைசியாக எப்போது வாரப்பட்டது, இப்போதைய சேற்று ஆழம் எவ்வளவு” என்று கேளுங்கள்.

---

ஏழாம்கட்டை:

எனக்கு ஓர் இடத்தில் ஒப்புதல் இல்லை. எண்களை அடுக்கிக்கொடுத்தால் அரசாங்கம் அவற்றில் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த நிலம் தாழ்வான நிலம், வீடு கட்டத் தகுதியில்லை என்று பொறியாளர் நேராகச் சொல்ல வேண்டும். மலேசியப் பொறியாளர் வாரியத்தின் நடத்தை விதியே பொதுமக்களின் பாதுகாப்பை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கச் சொல்கிறது. அப்படியிருக்கத் தயங்குவது ஏன்?

---

வரைபடம்:

தயக்கம் வேண்டாம், ஆனால் எது பொறியியல் தீர்ப்பு, எது மக்கள் தீர்ப்பு என்று பிரித்து எழுதுங்கள் நண்பரே. “இந்தக் கல்வர்ட்டோடு, குளம் இல்லாமல் கட்டினால் 10 ஆண்டு மழைக்கே வீதியில் தண்ணீர் ஏறும்” என்பது பொறியாளர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டிய தீர்ப்பு. அதைக் குழைத்துச் சொல்லக் கூடாது. “இங்கே வீடு வேண்டுமா, செம்பனையே இருக்கட்டுமா” என்பதில் வேலை, வீட்டு விலை, லயத்து மக்களுக்கு வீடு எல்லாம் சேர்ந்திருக்கிறது. அதில் பொறியாளரின் குரல் மற்றவர்களின் குரலைப் போல ஒன்றுதான். சங்கம் தன் பெயரில் அதைச் சொல்லட்டும்.

வழிகளை விளைவோடு வையுங்கள். கல்வர்ட்டை மட்டும் பெரிதாக்கினால் செலவு குறைவு, ஆனால் வெள்ளம் கோயில் வீதியை விட்டுக் கதவணைப் பக்கத்துக் கம்போங்குக்கு (கிராமத்துக்கு) நகரும். குளமும் கல்வர்ட்டும் சேர்ந்தால் இரண்டு இடமும் தப்பும், 2 ஏக்கருக்கு மேல் விற்கும் நிலம் போகும். வீட்டு எண்ணிக்கையைக் குறைத்தால் ஓடுகுணகம் இறங்கிக் குளமும் சிறிதாகும். இப்படி வைத்தபின் எதைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். பரிந்துரை இல்லாத பட்டியலை எந்த அதிகாரியும் மேலே அனுப்ப மாட்டார். அந்த இடத்தில் ஏழாம்கட்டை சொல்வது முழுக்கச் சரி.

கையெழுத்துப் போடுபவர் தன் பதிவு எண், துறை, ஆலையிலோ மேம்பாட்டாளரிடமோ உள்ள தொடர்பு மூன்றையும் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஆலைப் பொறியாளர் வடிகால் கணக்கில் கையெழுத்துப் போட வேண்டாம், சிவில் பொறியாளர் சேற்றுக் கணக்கில் போட வேண்டாம். பழைய சம்பளத்தைப் பின்னால் யாராவது தோண்டி எடுத்தால் நல்ல கணக்கும் அதோடு சாயும்.

---

மட்டக்கோல்:

கடைசியாக, அதிகாரி அப்படியே நிபந்தனையாக எடுத்து ஒட்டக்கூடிய வாசகங்களைத் தருகிறேன். பொறியாளரின் ஆலோசனை கோப்பைத் தாண்டி நிலத்துக்கு வருவது இப்படிப்பட்ட வரிகளாகத்தான். மலாயில் போடும்போது உச்ச ஓட்டத்துக்குக் காடார் அலிர் புஞ்சாக், குளத்துக்குக் கோலாம் தாக்குங்கான் என்று துறை புழங்கும் சொல்லையே போடுங்கள்.

“நிலத்திலிருந்து வெளியேறும் உச்ச ஓட்டம், கீழ்நிலைக் கல்வர்ட்டின் கொள்ளளவையோ முந்திய ஓட்டத்தையோ, இரண்டில் குறைந்ததைத் தாண்டக் கூடாது, கதவணை மூடிய நிலையில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.”

“வண்டல் குளமும் தற்காலிக வடிகாலும் முடிந்து ஜே.பி.எஸ். பார்வையிட்ட பிறகே மரம் சாய்த்து மண் வேலை தொடங்க வேண்டும்.” இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மண்ணைத் திறந்துபோட்ட மாதங்களில் முதல் மழையிலேயே வண்டல் இறங்கிக் கல்வர்ட்டின் அடியில் உட்கார்ந்துவிடும். 1.2 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டர் அடைத்தால் வழியில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது.

“குளத்து நிலம் தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்கீழ் வடிகால் ஒதுக்கு நிலமாக அரசிதழில் ஏற வேண்டும், பராமரிப்பவர் யார் என்பது அனுமதியிலேயே குறிக்கப்பட வேண்டும்.” இது இல்லாவிட்டால் பத்து ஆண்டில் அந்த இடம் வாகன நிறுத்தமாகும். இன்றுவரை பாரிட்டைத் தூர் வாரியது தோட்டம்தான். நிலம் கைமாறியதும் அந்த வேலைக்கு ஆள் இல்லை.

கடிதம் அனுப்புமுன் அளவையாளரை வைத்துக் கல்வர்ட்டின் அடிமட்டம், கோயில் வீதியின் மட்டம், கதவணையின் அடிமட்டம் மூன்றையும் எடுங்கள். நிலமட்டம் தேசிய மட்ட ஆதாரத்திலிருந்து (சராசரிக் கடல்மட்டம்) எழுதப்படும். கடல் ஏற்ற அட்டவணை கடல்வரைபட ஆதாரத்திலிருந்து (கடல் மிகவும் வற்றும்போது உள்ள மட்டம்) எழுதப்படும். இரண்டும் மீட்டர் கணக்கில் வேறுபடும், மாற்றாமல் ஒப்பிட்டால் கடல் எப்போதும் கோயில் வாசலுக்கு மேலே இருப்பதாக வரும். ஜே.பி.எஸ். பொறியாளர் முதலில் பார்க்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.